கம்ப்யூட்டர் சென்டரில் எம்.எஸ். ஆபீஸ் படிக்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

ப்ளஸ் டூ ரிசல்ட் வரும் வாரத்திலும், கல்லூரி கடைசி செமஸ்டர் முடியும் மாதத்திலும் கம்ப்யூட்டர் சென்டர்களில் போன் ஓயாது. கேட்கப்படுவது பெரும்பாலும் இதே கேள்விகள்தான். தமிழ்நாட்டில் படிக்கிறவர்களையும் இங்கே வேலை தேடுகிறவர்களையும் மனதில் வைத்து, வகுப்பு எடுக்கிற ஒருவனுடைய பதில்கள் இவை.

டி.சி.ஏ., பி.ஜி.டி.சி.ஏ., எம்.எஸ். ஆபீஸ், சி.ஓ.ஏ., சி.சி.சி. என்று ஏகப்பட்ட பெயர்கள். எதில் சேருவது?

முதலில் உங்களுக்கு வேண்டியது தாளா, கைப்பழக்கமா என்று முடிவு செய்யுங்கள். இரண்டும் ஒரே கோர்ஸில் கிடைக்கும் என்று நினைத்துச் சேருகிறவர்கள்தான் ஆறு மாதம் கழித்து வருத்தப்படுகிறார்கள்.

அரசுத் துறையில் தட்டச்சர் வேலைக்குத் தயாராகிறீர்கள் என்றால் உங்களுக்குத் தேவை குறிப்பிட்ட ஒரு தாள். அது சி.ஓ.ஏ. தனியார் கம்பெனியில் பில்லிங், ஸ்டோர்ஸ், ஹெச்.ஆர்., அக்கவுண்ட்ஸ் பக்கம் போகிறீர்கள் என்றால் உங்கள் சான்றிதழை யாரும் இரண்டு நிமிடத்துக்கு மேல் பார்க்க மாட்டார்கள். ஒரு எக்செல் ஃபைலைக் கையில் கொடுத்து, செய்து காட்டச் சொல்வார்கள்.

டி.சி.ஏ. (டிப்ளமோ இன் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ்) என்ற பெயருக்கு ஒரே பாடத்திட்டம் கிடையாது. ஒரு சென்டரில் அது மூன்று மாதம், இன்னொன்றில் ஆறு மாதம். ஒன்றில் ஃபோட்டோஷாப் இருக்கும், இன்னொன்றில் கணக்கு எழுதும் மென்பொருளான டாலி இருக்கும். அதனால் பெயரை விட்டுவிட்டுப் பாடப் பட்டியலைக் கேளுங்கள். பல்கலைக்கழகங்கள் நடத்தும் பி.ஜி.டி.சி.ஏ. வேறு கதை, அது பட்டம் முடித்தவர்களுக்கான டிப்ளமோ, ஆபீஸ் மென்பொருள் அதில் ஒரு பகுதிதான்.

சி.சி.சி. என்பது மத்திய அரசின் நைலிட் நிறுவனம் நடத்துவது. 80 மணி நேரப் பாடம்; தேர்வில் 100 கேள்விகள், 90 நிமிடம். உத்தரப் பிரதேசம் போன்ற மாநிலங்களில் அரசு வேலைக்கு இதை நிறையக் கேட்கிறார்கள். இங்கே அந்த அளவுக்குக் கேட்பதில்லை.

சி.ஓ.ஏ. என்பது என்ன? அதை யார் நடத்துகிறார்கள்?

அலுவலகத் தானியக்கமாக்கல் குறித்த கணினிச் சான்றிதழ்ப் படிப்பு. தமிழ்நாடு தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தேர்வு இது. தட்டச்சு, சுருக்கெழுத்துத் தேர்வுகளை நடத்துவதும் அதே இயக்ககம்தான். எழுத்துத் தேர்வு ஒன்று, செய்முறைத் தேர்வு ஒன்று என இரண்டிலும் தேற வேண்டும்.

பலர் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு: இதற்கு விண்ணப்பிக்கப் பத்தாம் வகுப்போடு தட்டச்சில் லோயர் (இளநிலை) பாஸ் ஆகியிருக்க வேண்டும், தமிழோ ஆங்கிலமோ. ஆகவே வரிசை இப்படி: முதலில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட், அப்புறம் சி.ஓ.ஏ. டைப்பிங் இல்லாமல் நேரே சி.ஓ.ஏ. வகுப்பில் உட்கார்ந்துவிட்டு, ஹால் டிக்கெட் நேரத்தில் விழிப்பவர்கள் ஒவ்வொரு வருஷமும் இருக்கிறார்கள்.

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4இல் தட்டச்சர் பதவிக்கு தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் (முதுநிலை), அல்லது ஒன்றில் ஹையர் மற்றதில் லோயர் என்பது தகுதி. சி.ஓ.ஏ. கையில் இல்லாதவர்களும் விண்ணப்பித்து, வேலையில் சேர்ந்தபின் தகுதிகாண் பருவத்துக்குள் அதை முடிக்கலாம் என்ற சலுகையை அறிவிக்கைகளில் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் விண்ணப்பிக்கும் வருஷத்து அறிவிக்கையில் அந்த வரி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர் பதவிகளுக்கு மட்டும் குறி வைக்கிறீர்கள் என்றால் சி.ஓ.ஏ.வுக்காக ஓட வேண்டியதில்லை.

எங்கள் ஊர் சென்டரின் போர்டில் "அரசு அங்கீகாரம் பெற்றது", "ஐ.எஸ்.ஓ. தரச்சான்று" என்று இருக்கிறது. நம்பலாமா?

ஐ.எஸ்.ஓ. என்பது அந்த நிறுவனத்தின் நிர்வாக நடைமுறைக்குக் கொடுக்கும் சான்று. உங்கள் கல்வித் தகுதிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. "அரசு அங்கீகாரம்" என்றால் எந்தத் துறை, எந்தத் தேர்வு என்று கேளுங்கள். சங்கப் பதிவோ கம்பெனிப் பதிவோ செய்த நிறுவனங்கள் அந்தப் பதிவு எண்ணையே அங்கீகாரம் போலப் போட்டுக்கொள்வது வழக்கமாகிவிட்டது. நேராகக் கேட்க வேண்டிய கேள்வி: "தேர்வு நடத்துவது யார், சான்றிதழில் கையெழுத்துப் போடுவது யார்?" பதிலில் சென்டரின் பெயரே வந்தால் அது சென்டர் சான்றிதழ். அதனால் அது மோசம் என்று சொல்லவில்லை. தனியார் வேலைக்கு அது போதும். அரசு வேலைக்குக் கணக்கில் வராது, அவ்வளவுதான்.

டைப்பிங் தெரியாமல் ஆபீஸ் வகுப்பில் சேரலாமா?

சேரலாம். ஆனால் இரண்டு விரலால் தேடித் தேடி அடிக்கிறவருக்கு வகுப்பு நேரத்தில் பாதி எழுத்தைத் தேடுவதிலேயே போய்விடும். லோயர் தேர்வு நிமிடத்துக்கு 30 சொல் வேகம், ஹையர் 45. ஆபீஸ் வேலைக்கு ஹையர் வேகம் வேண்டாம். கீபோர்டைப் பார்க்காமல் 25, 30 சொல் அடித்தாலே நிம்மதியாக வேலை பார்க்கலாம். எஃப், ஜே விசைகளின் மேல் சின்ன மேடு இருக்கும். ஆள்காட்டி விரல்களை அங்கே வைத்து, இன்ஸ்டிடியூட்டில் முதல் நாள் கொடுக்கும் அந்தப் பழைய "ஏ எஸ் டி எஃப்" பயிற்சியிலிருந்தே தொடங்குங்கள். அலுப்பாக இருக்கும்தான். அதற்கு மாற்றுவழி ஒன்றும் இதுவரை வரவில்லை.

தமிழில் டைப் செய்ய எந்த முறையைக் கற்பது? ஒவ்வொருவரும் ஒன்று சொல்கிறார்கள்.

இதில் இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது. ஒன்று, எந்த விசையைத் தட்டினால் எந்த எழுத்து வரும் என்ற விசைப்பலகை அமைப்பு. மற்றது, அந்த எழுத்து கம்ப்யூட்டருக்குள் எப்படிச் சேமிக்கப்படுகிறது என்ற குறியாக்கம். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லித் தரும் சென்டர்கள் குறைவு.

குறியாக்கத்தில் சந்தேகமே வேண்டாம், உலகம் முழுக்கப் பொதுவான யூனிகோடுதான். 2010இலேயே தமிழக அரசு யூனிகோடையும், தமிழுக்கென்றே உருவான டேஸ்-16 குறியாக்கத்தையும் தரமாக ஏற்றுவிட்டது. பாமினி, வானவில் மாதிரியான பழைய எழுத்துருக்களில் அடித்த ஃபைலை, அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியீடும் கலந்த குப்பையாகத் தெரியும். மெயிலில் ஒட்டினாலும் அதே கதிதான். ஆனாலும் அச்சகங்களிலும் டி.டி.பி. கடைகளிலும் சில அலுவலகங்களிலும் பழைய ஃபைல்கள் நிறைய இருப்பதால், அவற்றை யூனிகோடுக்கு மாற்றும் மாற்றிகளைப் பயன்படுத்தத் தெரிந்திருப்பது நல்லது.

விசைப்பலகையில் மூன்று வழி. தட்டச்சுப் பொறியில் தமிழ் லோயர், ஹையர் முடித்தவர் அந்தப் பழைய தட்டச்சு அமைப்பிலேயே யூனிகோடில் அடிக்கலாம். பழகிய கையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். புதிதாகத் தொடங்குகிறவருக்குத் தமிழ்99. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி உருவான அமைப்பு இது. உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் வலது கைக்கு. க, இ என்று தட்டினால் கி வந்துவிடும். 31 எழுத்துகளின் இடம் தெரிந்தால் 247ஐயும் அடிக்கலாம். புதிய விண்டோஸிலேயே இந்த விசைப்பலகை இருக்கிறது, தனியாக எதையும் இறக்க வேண்டாம். மூன்றாவது, ஆங்கில ஒலிப்பில் அடிப்பது. வாட்ஸப்புக்கு அது வசதி. பக்கம் பக்கமாக அடிக்கிற வேலைக்குப் போனால் "அம்மா" என்று எழுத ஐந்தாறு தட்டு தட்ட வேண்டியிருப்பது கையை வலிக்க வைக்கும்.

எக்செல்லில் எவ்வளவு தெரிந்தால் "தெரியும்" என்று சொல்லிக்கொள்ளலாம்?

சம், ஆவரேஜ், இஃப், கவுண்ட்இஃப், சம்இஃப், ஒரு பட்டியலில் தேடி அதற்குரிய விவரத்தை எடுத்துத் தரும் விலுக்அப், பெரிய பட்டியலைத் தொகுத்துக் கூட்டிக் காட்டும் பிவட் டேபிள். ஃபார்முலா பட்டியல் இவ்வளவுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள், உள்ளூர் அலுவலக வேலைகளில் பெரும்பகுதி ஓடிவிடும். விலுக்அப்புக்குப் பதிலாக எக்ஸ்லுக்அப் புதிய பதிப்புகளில் வருகிறது. அது இருந்தால் இன்னும் சுலபம், ஆனால் வேலை செய்யும் இடத்தில் பழைய பதிப்பு இருந்தால் அது ஓடாது. ஆகவே விலுக்அப்பையும் விட்டுவிட வேண்டாம்.

ஆனால் வேலையில் ஆட்களை மாட்டிவிடுவது ஃபார்முலா அல்ல. தரவு உள்ளே போகிற விதம். சில உதாரணங்கள் சொல்கிறேன், உங்கள் சென்டரில் இவற்றைச் சொல்லித் தருகிறார்களா பாருங்கள்.

எக்செல் ஒரு எண்ணில் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணை அப்படியே அடித்தால் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் பூஜ்யமாகிவிடும். அந்தப் பட்டியலை வைத்துச் சம்பளம் போட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். 12 இலக்க ஆதார் எண்ணை அடித்தால் 1.23457இ+11 என்கிற மாதிரி காட்டும். 0 என்று தொடங்கும் எண்ணில் அந்த 0 காணாமல் போகும். தீர்வு சின்னது: அடிப்பதற்கு முன்பே அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று மாற்றிவிட வேண்டும், அல்லது எண்ணுக்கு முன் ஒற்றை மேற்கோள் குறி போட வேண்டும். அடித்த பிறகு மாற்றினால் போன இலக்கம் திரும்பாது.

அடுத்தது தேதி. விண்டோஸின் ரீஜன் அமைப்பு அமெரிக்கா என்று இருந்தால், நீங்கள் ஜூன் 5 என்று நினைத்து 05/06/2024 என அடிப்பதை அது மே 6 என்று எடுத்துக்கொள்ளும். 25/06/2024 என்று அடித்தால் 25ஆவது மாதம் இல்லாததால் அதைத் தேதியாகவே ஏற்காமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். ஒரே பட்டியலில் பாதி தவறான தேதி, பாதி தேதியே இல்லை. ரீஜனை இந்தியா என்று மாற்றினால் இதுவும் தீரும், 1,00,000 என்று லட்சக் கணக்கில் காற்புள்ளியும் விழும்.

விலுக்அப்பில் நான்காவது இடத்தில் ஃபால்ஸ் அல்லது 0 போடாமல் விட்டால், சரியான பெயர் கிடைக்காதபோது கிட்டத்தட்டப் பொருந்துவதை எடுத்துக் கொடுத்துவிடும். பிழைச் செய்தி வந்தாலாவது கவனிப்போம். இது தவறான விடையை நல்ல விடை போலவே காட்டும். ஒரு நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தி, பெயர் ஒருவருக்கும் மதிப்பெண் இன்னொருவருக்கும் போய்ச் சேர்ந்த பட்டியல்களும் இதே ரகம்.

அப்புறம், பல கட்டங்களை ஒன்றாக்கும் அந்த மெர்ஜ் அண்ட் சென்டர் பட்டன். தலைப்புக்குப் போட்டால் அழகு. தரவுக்கு நடுவே போட்டால் ஃபில்டரும் வரிசைப்படுத்தலும் முரண்டு பிடிக்கும்.

வேர்டில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? லெட்டர் அடிக்கத் தெரிந்தால் போதாதா?

"வேர்டு தெரியும்" என்கிறவரின் ஃபைலைத் திறந்து, ஹோம் பக்கத்தில் இருக்கும் பத்திக்குறி பட்டனை அழுத்துங்கள். மறைந்திருந்த இடைவெளிகளெல்லாம் புள்ளிகளாகத் தெரியும். கையெழுத்து வலப்பக்கம் வர வேண்டுமென்று நாற்பது முறை ஸ்பேஸ் தட்டியிருப்பார். அடுத்த பக்கம் போக வேண்டுமென்று இருபது முறை என்டர் தட்டியிருப்பார். மேலே ஒரு வரி சேர்த்ததும் மொத்தமும் சரிந்துவிடும்.

ஆகவே கற்க வேண்டியவை: டேப் ஸ்டாப், பக்கம் பிரிக்க கன்ட்ரோல் + என்டர், தலைப்புகளுக்கு ஸ்டைல், ஸ்டைல் போட்டால் தானாக வரும் பொருளடக்கம், பக்க எண், ஒரே நோட்டீஸை முந்நூறு முகவரிக்கு எடுக்கும் மெயில் மெர்ஜ், திருத்தங்களைக் காட்டும் டிராக் சேஞ்சஸ். இதில் மெயில் மெர்ஜ் தெரிந்தவருக்கு அலுவலகத்தில் தனி மரியாதை.

வேர்டு ஆர்ட்டில் பிறந்தநாள் வாழ்த்து செய்வதற்கே ஒரு வாரம் ஒதுக்கும் சென்டர்கள் இருக்கின்றன. பிள்ளைகளுக்குப் பிடிக்கும், பெற்றோருக்குக் காட்டலாம். வேலைக்கு உதவாது.

பவர்பாயின்ட்?

இரண்டு நாள் போதும். எல்லா ஸ்லைடுக்கும் ஒரே அமைப்பைக் கொடுக்கும் ஸ்லைடு மாஸ்டர் மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். எழுத்து பறந்து வருவதையும் சுழன்று வருவதையும் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

சென்டரில் இன்னும் ஆபீஸ் 2007தான் இருக்கிறது. அதில் படித்தால் வீணா?

வீண் இல்லை. ரிப்பன் என்று சொல்லும் மேல்பட்டை வந்ததே 2007இல்தான். அதற்குப் பிறகு அமைப்பு பெரிதாக மாறவில்லை. அடிப்படை எல்லாம் அதிலேயே கற்கலாம். ஆனால் அந்தப் பதிப்புக்கான பாதுகாப்பு மேம்படுத்தல்களை மைக்ரோசாஃப்ட் 2017இலேயே நிறுத்திவிட்டது, 2016க்கும் 2019க்கும்கூட 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது. ஆகவே சென்டர் கம்ப்யூட்டரில் உங்கள் பேங்க் வேலையைச் செய்யாதீர்கள், பென் டிரைவை நேராக வீட்டுக் கம்ப்யூட்டரில் சொருகாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை, பழைய எக்ஸ்.எல்.எஸ். வடிவத்தில் ஃபைலைச் சேமிக்கும் பழக்கம் வேண்டாம். அந்த வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைதான். புதிய வடிவத்தில் 10,48,576. 2020இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை, கொரோனா பரிசோதனை முடிவுகளைப் பழைய வடிவ ஃபைலுக்கு மாற்றியபோது வரிசைகள் தீர்ந்துபோய், கிட்டத்தட்ட 16,000 தொற்றாளர்களின் விவரம் கணக்கில் விட்டுப்போனது. எக்செல் பாடத்தில் இதைச் சொன்னால் பின்வரிசைப் பையன்களும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறது, ஆபீஸ் வாங்கப் பணம் இல்லை. என்ன செய்வது?

லிப்ரே ஆபீஸ் முழுக்க இலவசம். ரைட்டர், கால்க், இம்ப்ரெஸ் என்ற பெயரில் மூன்றும் இருக்கின்றன. மேலே சொன்ன சி.சி.சி. பாடத்திட்டமே லிப்ரே ஆபீஸில்தான் நடக்கிறது. கால்க்கில் விலுக்அப்பும் உண்டு, பிவட் டேபிளும் உண்டு. பட்டன்கள் இடம் மாறியிருக்கும், ஒரு வாரத்தில் பழகிவிடும். நெட் இருந்தால் கூகுள் ஷீட்ஸும் கூகுள் டாக்ஸும் இலவசம். திருட்டுப் பிரதியை யாராவது நூறு ரூபாய்க்குப் போட்டுத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள்; அதோடு சேர்ந்து வரும் வைரஸை எடுக்க அதைவிட அதிகம் ஆகும்.

கம்ப்யூட்டரே இல்லாதவர்கள் மொபைலில் பழகலாமா என்று கேட்கிறார்கள். பார்க்க, சின்னத் திருத்தம் செய்ய மொபைல் சரி. கற்க உதவாது. அப்படிப்பட்டவர்கள் கூடுதல் பயிற்சி நேரம் தரும் சென்டராகப் பார்த்துச் சேருவதுதான் வழி.

எல்லாம் யூட்யூபிலேயே இருக்கிறதே, ஃபீஸ் எதற்கு?

ஒழுங்காக உட்காருகிறவருக்கு ஃபீஸ் தேவையில்லைதான். ஐ.ஐ.டி. பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் லிப்ரே ஆபீஸ் பாடங்கள் தமிழ்க் குரலிலேயே இலவசமாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் பத்து நிமிடம் போல. வீடியோவை நிறுத்தி நிறுத்தி, கூடவே செய்து பார்க்கும்படி அமைத்திருக்கிறார்கள். கல்லூரியில் படிப்பவர் என்றால், தமிழக அரசின் நான் முதல்வன் திறன் பயிற்சித் திட்டத்தில் உங்கள் செமஸ்டருக்கு என்ன பாடம் வந்திருக்கிறது என்றும் விசாரியுங்கள்.

சென்டருக்குக் கொடுக்கும் பணம் மூன்று விஷயத்துக்கு: தினமும் ஒரு மணி நேரம் உட்கார வைப்பதற்கு, நீங்கள் செய்த தப்பைப் பக்கத்தில் நின்று பார்த்துச் சொல்வதற்கு, தேர்வு எழுத வைப்பதற்கு. இரண்டாவது கிடைக்காத சென்டரில் கட்டும் ஃபீஸுக்கு யூட்யூபே மேல்.

சேரும் முன் என்னென்ன கேட்க வேண்டும்?

ஒரு சிஸ்டத்துக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். இரண்டு பேர் என்றால் ஒருவர் கற்பார், ஒருவர் பார்ப்பார். வகுப்பு முடிந்ததும் தனியாகப் பயிற்சி செய்ய நேரம் உண்டா, கரண்ட் போனால் அந்த மணி நேரம் ஈடு செய்யப்படுமா, தேர்வுக் கட்டணம் ஃபீஸுக்குள் அடங்குமா, ரசீது உண்டா? பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு ஒரிஜினல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளும் இடத்தில் சேராதீர்கள். நகல் போதும்.

நடக்கும் வகுப்பில் ஒருநாள் உட்கார்ந்து பார்க்க விடுவார்களா என்று கேட்டுப் பாருங்கள். பாடம் எழுதிப்போட்டு நோட்டில் காப்பி எடுக்க வைத்துக்கொண்டிருந்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

டாலியும் சேர்த்துப் படிக்கவா?

காமர்ஸ் பின்னணி இருந்தால் படியுங்கள். பற்று, வரவு என்றால் என்னவென்று தெரியாமல் டாலி படித்தால் எந்த விசையை அழுத்துவது என்பது மட்டும்தான் மனதில் நிற்கும். வீட்டில் பழக, உரிமம் வாங்காமலே எஜுகேஷனல் மோடில் டாலியைத் திறக்கலாம். மாதத்தின் 1, 2, 31 தேதிகளில் மட்டும் பதிவு போட விடும். பயிற்சிக்கு அது தாராளம்.

எனக்கு 45 வயது. பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்கக் கூச்சமாக இருக்கிறது.

காலை பத்து, பதினொரு மணி பேட்ச் கேளுங்கள். பிள்ளைகள் பள்ளி, கல்லூரியில் இருப்பார்கள். அந்த நேரத்தில் வருவது உங்கள் வயதுக்காரர்கள்தான், கடைக் கணக்கு, சுய உதவிக் குழுக் கணக்கு என்று கையில் வேலையோடு வருவார்கள். அப்படிச் சொந்த வேலையோடு வருகிறவர்கள் சீக்கிரம் கற்பதைத்தான் பார்த்திருக்கிறேன்.

ஏ.ஐ.யிடம் கேட்டால் ஃபார்முலா எழுதிக் கொடுத்துவிடுகிறதே, இனி இதைப் படிக்க வேண்டுமா?

எழுதிக் கொடுக்கிறது, பெரும்பாலும் சரியாகவே. கேளுங்கள், தயங்க வேண்டாம். வந்த விடையைச் சின்னப் பட்டியலில் கையால் கூட்டிச் சரிபார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். கடைசி இலக்கம் பூஜ்யமாகிப்போன கணக்கு எண்ணை நீங்கள் கவனிக்காமல் கொடுத்தால், அதுவும் அந்தத் தப்பு எண்ணை வைத்தே வேலை செய்யும். அப்புறம், கம்பெனியின் சம்பளப் பட்டியலையும் வாடிக்கையாளர் போன் எண்களையும் அதில் கொண்டுபோய் ஒட்டாதீர்கள்.

வேலைக்குப் போகிற இடத்தில் டெஸ்ட் வைத்தால் எப்படி இருக்கும்?

பெரும்பாலும் அரை மணி நேரம். ஒரு விற்பனைப் பட்டியலைக் கொடுத்து, ஊர்வாரியாகக் கூட்டச் சொல்வார்கள், இரண்டு தாள்களை ஒப்பிட்டு விடுபட்டவரைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள், ஒரு கடிதம் அடிக்கச் சொல்வார்கள். பட்டியலில் வேண்டுமென்றே ஒரு பெயர் இரண்டு முறை இருக்கும், ஒரு எண் எழுத்தாக இருக்கும் (இடப்பக்கம் ஒட்டி, மூலையில் பச்சை முக்கோணத்தோடு). கூட்டல் தொடங்கும் முன் அதைக் கண்டுபிடித்துச் சொன்னால் பாதி வேலை கிடைத்த மாதிரிதான். மூல ஃபைலை அப்படியே விட்டுவிட்டு, பிரதி எடுத்து அதில் செய்யுங்கள். ஃபைலுக்கு "புக்1" என்றே விடாமல் உங்கள் பெயரும் தேதியும் வைத்துச் சேமித்து, எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள்.